தலையணை சைஸ் மர்மங்கள்!

திருச்சியில பஸ் ஏறி, ஜன்னல் ஓர சீட்டைப் பிடிச்சு, முதல் பக்கத்தைப் புரட்டினா பெரம்பலூர்ல கொலை விழுந்துடும். உளுந்தூர்பேட்டைல டீ குடிக்க இறங்கறப்ப மூணு பேர் மேல சந்தேகம் நிக்கும். மதுராந்தகம் தாண்டறதுக்குள்ள இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிடுவார். தாம்பரத்துல இறங்கும்போது புத்தகத்தை சீட்லயே விட்டுட்டுப் போனாலும் மனசு வலிக்காது. அடுத்து ஏறுற ஆள் திருச்சி வரைக்கும் படிச்சுட்டுப் போகட்டும்!

மாத நாவலைக் கிண்டல் பண்றதா நினைச்சுடாதீங்க பாஸ். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா... இவங்க இல்லாட்டி தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு பாடப்புத்தகம் தவிர வேற புத்தகத்தைத் தொடற பழக்கமே வந்திருக்காது. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல நாவல் எழுதியிருக்கார். நாம ஆயிரம் அசைன்மென்ட் எழுதியிருப்போமா?

ஆனா, ஒரு கட்டத்துல பசி மாறும். கணேஷ் - வஸந்த் முழுக்க முடிச்சாச்சு. ஷெர்லாக் ஹோம்ஸ் நாலு நாவல், 56 சிறுகதை, எல்லாம் ஆச்சு. அகதா கிறிஸ்டில பாதிக்கு மேல தாண்டியாச்சு. ‘அட, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சே, அந்த ஊர்ல இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாமே’ன்னு தோண ஆரம்பிக்கும். அப்பதான் நூலகத்துல போய் நின்னு முழிப்பீங்க. ஐநூறு பக்கம் இருக்கணும், மர்மம் இருக்கணும், எழுத்தும் நல்லா இருக்கணும். இந்த மூணும் ஒண்ணா சிக்கறது ஹாஸ்டல் சாம்பார்ல முருங்கைக்காய் சிக்கற மாதிரி!

இந்த வாரம் அந்த முருங்கைக்காயைத்தான் தேடப் போறோம்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. குண்டா இருக்கறதெல்லாம் நீளமான நாவல் இல்லை. 200 பக்கத்து விஷயத்தை ஊதி ஊதி 600 ஆக்கின புத்தகங்கள் ஏர்போர்ட் கடைகள்ல அடுக்கடுக்கா இருக்கும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் போன் மணி அடிக்கும், ஹீரோ காபி குடிப்பார், யாரோ கதவைத் தட்டுவாங்க. திறந்து பார்த்தா பூனை. அடுத்த அத்தியாயத்துலயும் கதவைத் தட்டுவாங்க. அப்பவும் பூனை. இப்படி மொக்கை வாங்காம இருக்க ஒரு சோதனை இருக்கு.

கடையிலயோ நூலகத்துலயோ புத்தகத்தை எடுத்ததும் முதல் பக்கத்தைப் படிக்காதீங்க. முதல் பக்கத்தை எல்லாருமே உயிரைக் கொடுத்து எழுதியிருப்பாங்க. கடைசிப் பக்கம் பக்கம் போகவே கூடாது, அது பாவம். நடுவுல பிரிச்சு, யாரும் சாகாத ஒரு பக்கமாப் பார்த்துப் பிடிங்க. ரெண்டு பேர் டீ குடிக்கறாங்க, ஒருத்தர் மாடிப்படி ஏறுறார், ஒரு அம்மா பழைய கதை பேசுறாங்க... அந்த மாதிரி. நின்னுக்கிட்டே அதைப் படிங்க. அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோணுதா? எடுத்துட்டு வாங்க. ஐநூறு பக்க மர்ம நாவல்ல நானூத்தம்பது பக்கம் இப்படித்தான் இருக்கப் போகுது. கொலை, துரத்தல், கைது எல்லாம் சேர்த்தாலும் மீதி ஐம்பதுதான். அந்த நானூத்தம்பதை எழுதத் தெரிஞ்சவர்தான் நமக்கு வேணும்.

எங்கிருந்து ஆரம்பிக்கறது? என் ஓட்டு ‘தி மூன்ஸ்டோன்’. வில்கி காலின்ஸ் 1868-ல எழுதினது. ‘நூத்தைம்பது வருஷத்துக்கு மேல பழசா? ஆளை விடு’ன்னு எழுந்து போயிடாதீங்க. கதை எங்க தொடங்குது தெரியுமா? நம்ம பக்கத்து மாநிலத்துல. 1799, ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தானோட கோட்டை விழுந்து, வெள்ளைக்கார சிப்பாய்கள் கொள்ளையடிச்சுக்கிட்டு இருக்கற நேரம். ஒரு ஆங்கிலேய அதிகாரி, காவலுக்கு நின்னவங்களைக் கொன்னுட்டு மஞ்சள் நிற வைரம் ஒண்ணை எடுத்துட்டுப் போறார். ஒரு காலத்துல சோமநாதபுரத்துல சந்திர தேவனோட சிலையில இருந்த கல் அது. ஐம்பது வருஷம் கழிச்சு, இங்கிலாந்துல யார்க்‌ஷர் பக்கம் ஒரு பங்களாவுல, ஒரு பொண்ணோட பதினெட்டாவது பிறந்த நாளுக்கு அந்தக் கல் பரிசா வருது. அன்னிக்கு ராத்திரி விருந்துல போட்டுக்கறா. விடிஞ்சு பார்த்தா காணோம்!

1857 கிளர்ச்சி முடிஞ்சு பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்துல இந்தியர்கள்னாலே வில்லன்னு எழுதிக்கிட்டு இருந்த காலம். அந்த நேரத்துல, ‘இந்தத் திருட்டுக் கதையோட முதல் திருடன் நம்ம ராணுவ அதிகாரிதான்’னு முதல் அத்தியாயத்துலயே எழுதி வெச்சார் காலின்ஸ். அதுக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம்.

இந்தக் கதையை ஒருத்தர் சொல்லலை, ஒவ்வொருத்தரா வந்து சாட்சி சொல்ற மாதிரி சொல்றாங்க. முதல்ல வர்றவர் அந்த வீட்டு வயசான காரியஸ்தர் பெட்டரெட்ஜ். எந்தப் பிரச்னை வந்தாலும் ‘ராபின்சன் க்ரூசோ’வைப் பிரிச்சு குறி பார்க்கற ஆசாமி. நம்ம ஊர் திண்ணையில உட்கார்ந்து, வைரத்தைப் பத்தி ஆரம்பிச்சு, தன் கல்யாணக் கதைக்குப் போய், ‘எங்க விட்டேன்?’னு திரும்பி வர்ற தாத்தாவேதான். அவர் முடிச்சதும் மிஸ் க்ளாக்னு ஒரு அம்மா வருவாங்க. போற இடமெல்லாம் பக்திப் பிரசுரங்களை ஒளிச்சு வெச்சுட்டு வர்ற கேரக்டர். சிரிச்சு சிரிச்சு பக்கத்து ரூம்காரன் வந்து கதவைத் தட்டுவான். (பூனை இல்லை, நிஜமாவே அவன்தான்.)

துப்பறிய வர்றவர் ஸார்ஜன்ட் கஃப். ரோஜாச் செடி வளர்க்கறதுல பைத்தியம். 1860-ல இங்கிலாந்தையே உலுக்கின ரோட் ஹில் ஹவுஸ் குழந்தைக் கொலையை விசாரிச்ச ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஜோனதன் விச்சர்தான் இவருக்கு மாடல்னு சொல்வாங்க. அந்த நிஜ வழக்குல காணாமப்போன ஒரு இரவு உடை பெரிய தடயம். காலின்ஸ் அதையும் விடலை, தன் பாணியில கதைக்குள்ள கொண்டு வந்துட்டார். நிஜ வழக்கு முழுசா வேணும்னா கேட் சம்மர்ஸ்கேல் 2008-ல எழுதின ‘தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்’ இருக்கு. அது நாவல் இல்லை, நடந்த கதை. ஆனா, நாவல் மாதிரியே ஓடும்.

ஆனா, நான் இந்தப் புத்தகத்தைக் கையைப் பிடிச்சு இழுத்துச் சொல்றதுக்குக் காரணம் வைரமும் இல்லை, கஃப்பும் இல்லை. ரோஸன்னா ஸ்பியர்மேன். அந்த வீட்டுல வேலை பார்க்கற பொண்ணு. முன்னாடி திருட்டுல மாட்டி ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவ. ஒரு தோள் கொஞ்சம் உயரம். யாரும் திரும்பிப் பார்க்காத முகம். வீட்டுக்கு விருந்தாளியா வந்த பணக்காரப் பையன் மேல அவளுக்கு ஒரு பிரியம். அவனுக்கோ இவ இருக்கறதே கண்ணுல படலை. நூத்தி இருபது பக்க நாவல்ல இவளுக்குக் கிடைச்சிருக்கற இடம் ‘சந்தேகப் பட்டியல் நம்பர் ரெண்டு’. அவ்வளவுதான். நாலு வரி அழுதுட்டுப் போயிடுவா. இங்கே அப்படி இல்லை. பாதி புத்தகத்துக்கும் மேல போனப்புறம் அவ பேச ஆரம்பிப்பா. அந்தப் பக்கங்களைப் படிச்சு முடிச்சதும், வைரம் கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்னன்னு ஆயிடும். நம்ம கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உட்கார்ந்து யாரோடயும் பேசாத முகம் ஒண்ணு ஞாபகத்துக்கு வந்தாலும் வரும். நீளமான மர்ம நாவலைத் தேடச் சொல்றதே இதுக்காகத்தான். சந்தேகப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குன்னு காட்ட இடம் வேணும். இடம்னா பக்கம்.

கவிஞர் டி.எஸ்.எலியட் இதை நவீன ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள்ல முதலாவது, மிக நீளமானது, மிகச் சிறந்ததுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ‘முதலாவது’ங்கறதுல ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போடறாங்க. நமக்கெதுக்கு?

அந்தக் காலத்துல ஏன் இவ்வளவு நீளமா எழுதினாங்கன்னு ஒரு கேள்வி வரும். காரணம் சுவாரஸ்யமானது. லண்டன்ல மூடீஸ்னு ஒரு பெரிய வாடகை நூலகம். வருஷத்துக்கு ஒரு கினி சந்தா கட்டினா ஒரு தடவைக்கு ஒரு வால்யூம் எடுத்துட்டுப் போகலாம். அதனால நாவல்களை மூணு மூணு வால்யூமாப் போட்டாங்க. ஒரே நாவலை மூணு சந்தாதாரர் ஒரே நேரத்துல படிக்கலாம் இல்லையா? நூலகக்காரருக்குக் கொண்டாட்டம். மூணு வால்யூம் சேர்த்து விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், சாதாரண ஆள் வாங்கவே முடியாது. அதனால எல்லாரும் நூலகத்துக்குத்தான் ஓடணும். 1890-கள்ல இந்த ஏற்பாடு உடைஞ்சப்புறம் நாவல்களும் மெலிஞ்சு போச்சு. இதோட வாரப் பத்திரிகைத் தொடர் வேற. ‘மூன்ஸ்டோன்’ சார்லஸ் டிக்கன்ஸ் நடத்தின பத்திரிகையில 1868 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை 32 வாரம் ஓடின தொடர்கதை. வீட்டுல பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, வாராவாரம் பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு, சேர்த்து, பைண்டு பண்ணி வெச்ச தொடர்கதை ஏதாவது பரண்ல இருக்கும். அதே கதைதான்.

அந்தத் தொடரை எழுதறப்ப காலின்ஸுக்கு கீல்வாத வலி உயிர் போகுது. வலிக்கு ஓபியம் கலந்த மருந்து குடிச்சுக்கிட்டே எழுதறார். நடுவுல அம்மா இறந்து போறாங்க. தொடர் நிக்கலை. இன்டர்னல் எக்ஸாமுக்கு ஜலதோஷம்னு லெட்டர் கொடுக்கற நாம கொஞ்சம் யோசிக்கலாம்!

அடுத்தது, காலேஜ் மாணவிகள் அவசியம் தேட வேண்டிய ஒண்ணு. மாணவர்கள் அதைவிட அவசியமா! டாரதி எல். சேயர்ஸ் 1935-ல எழுதின ‘காடி நைட்’. இதுல கொலையே கிடையாது. நம்புங்க. ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பெண்கள் கல்லூரி (கற்பனைக் கல்லூரிதான்). பழைய மாணவிகள் கூடற விழாவுக்கு ஹாரியட் வேன் வர்றா. துப்பறியும் கதை எழுதற எழுத்தாளர். அதுக்கப்புறம் கல்லூரியில அசிங்கமான மொட்டைக் கடுதாசிகள் வர ஆரம்பிக்குது. ஆராய்ச்சிக் காகிதங்களை யாரோ நாசம் பண்றாங்க. ராத்திரில நூலகத்தைச் சூறையாடறாங்க. படிப்பே வாழ்க்கைன்னு இருக்கற பேராசிரியைகள் மேல யாருக்கோ அவ்வளவு வெறுப்பு. உள்ள இருக்கற ஆள்தான். யார்? பிரின்சிபாலா, டியூட்டரா, ஸ்டூடண்டா, வேலைக்காரங்களா? ஒவ்வொருத்தரும் அடுத்தவரைச் சந்தேகமா பார்க்கத் தொடங்கறாங்க.

சேயர்ஸ் சும்மா கற்பனை பண்ணி எழுதலை. ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சு 1915-ல முடிச்சவங்க. முதல் வகுப்புல பாஸ். ஆனா, பட்டம் கையில கொடுக்கலை. பெண்களுக்குப் பட்டம் தர்ற வழக்கமே அப்ப அங்க இல்லை! 1920-ல விதி மாறினப்ப, முதல் முதலா பட்டம் வாங்கின பெண்கள்ல இவங்களும் ஒருத்தர். கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தர இன்னும் லேட், 1948. அதாவது இந்த நாவல் வந்தப்ப, ‘பொண்ணுங்களுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?’ங்கற கேள்வி ஆறிப்போன காபி ஆகலை, கொதிச்சுக்கிட்டு இருந்தது. நம்ம ஊர்ல ‘பி.ஜி. எல்லாம் எதுக்கு, வரன் பார்க்கலாம்’னு ஒரு சித்தப்பா ஆரம்பிப்பாரே, அந்தக் கொதிப்பு. மூளைக்கும் மனசுக்கும் நடுவுல ஒரு பொண்ணு எதை விடணும், ஏன் விடணும்ங்கறதுதான் இதோட நிஜ மர்மம். ஹாரியட்டை அஞ்சு வருஷமா கல்யாணத்துக்குக் கேட்டுக்கிட்டு இருக்கார் பீட்டர் விம்ஸி பிரபு. அவ பதில் என்ன? சொல்ல மாட்டேன்.

இதுல ஒரு இடம் வரும். ஹாரியட் தன் புது மர்ம நாவல் பாதியில சிக்கி நிக்குதுன்னு விம்ஸிகிட்ட புலம்புவா. புதிர் கச்சிதமா இருக்கு, ஆனா அதுல ஒரு ஆள் அட்டையில வெட்டின பொம்மை மாதிரி இருக்கான். அவனுக்கு நிஜ மனுஷனோட மனசைக் கொடுத்துப் பாருன்னு அவர் சொல்வார். கொடுத்தா என் புதிரோட பேலன்ஸே போயிடும், அதுவும் இல்லாம எழுதறப்ப எனக்கே வலிக்கும்னு அவ தயங்குவா. நல்ல மர்ம நாவலுக்கும் சாதாரண மர்ம நாவலுக்கும் வித்தியாசம் என்னன்னு எவ்வளவோ கட்டுரை வந்திருக்கு. எனக்கென்னவோ இந்த ரெண்டு பேர் பேச்சே போதும்னு தோணுது.

கேம்பஸ் கதைதான் வேணும்னா இன்னும் ரெண்டு. டோனா டார்ட் எழுதின ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ (1992). அமெரிக்காவுல வெர்மான்ட்ல ஒரு சின்னக் காலேஜ், கிரேக்கம் படிக்கற ஆறு பேர் கொண்ட கேங். யார் செத்தது, கொன்னது யாருன்னு முதல் ரெண்டு பக்கத்துலயே சொல்லிடுவாங்க. ஏன்ங்கறதுக்குத்தான் மீதி ஐநூத்துச் சொச்சம் பக்கம். புத்தகம் வந்தப்ப எழுதினவங்களுக்கு வயசு 28. கேங்குல சேரணும்னு ஏங்கற பையன் எவ்வளவு தூரம் போவான்னு இதைவிடப் பயமுறுத்திச் சொன்ன கதை எனக்குத் தெரியாது. இன்னொண்ணு டானா ஃப்ரெஞ்ச்சோட ‘தி லைக்னெஸ்’ (2008). அயர்லாந்து. செத்துக் கிடக்கற பொண்ணு அச்சு அசலா பெண் டிடெக்டிவ் மாதிரியே இருக்கா. அந்தப் பொண்ணு பிழைச்சுட்டான்னு சொல்லி, டிடெக்டிவே அவ இடத்துக்குப் போய், நாலு ஆராய்ச்சி மாணவர்களோட ஒரே வீட்டுல தங்கறா. ‘இதெல்லாம் நடக்கற காரியமா?’ன்னு முதல் ஐம்பது பக்கம் தோணும். அதுக்கப்புறம் அந்த வீட்டை விட்டு நமக்கே வெளிய வர மனசு வராது.

சரி, இப்ப மலை ஏறலாமா? உம்பர்ட்டோ எகோ. இத்தாலிக்காரர், பொலோன்யா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980-ல வந்த ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’. வில்லியம் வீவரோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1983-ல வந்தது. கதை நடக்கறது 1327-ல, வடக்கு இத்தாலியில மலை உச்சியில ஒரு மடாலயம். ஏழு நாள். துறவிகள் ஒவ்வொருத்தரா சாகறாங்க. நடுவுல, யாரையும் உள்ள விடாத ஒரு நூலகம், உள்ளே போனா வழி தெரியாத புதிர்ப் பாதை. விசாரிக்க வர்றவர் பாஸ்கர்வில்லைச் சேர்ந்த வில்லியம்ங்கற துறவி. (ஹோம்ஸ் ரசிகர்கள் இங்கே விசில் அடிக்கலாம்.) கூட வர்ற சின்னப் பையன் அட்ஸோதான் வயசானப்புறம் இதையெல்லாம் எழுதறான்.

இதோட முதல் நூறு பக்கம் கஷ்டம். பச்சையாவே சொல்லிடறேன். போப்புக்கும் பேரரசருக்கும் சண்டை, ஏழ்மையைப் பத்தி மதத் தர்க்கம், ஒரு வாசல் சிற்பத்தைப் பத்தி பக்கக்கணக்குல வர்ணனை. அச்சாகறதுக்கு முன்னாடி படிச்ச நண்பர்களும் பதிப்பகத்துக்காரங்களும் இந்த நூறு பக்கத்தைச் சுருக்கச் சொல்லி எகோகிட்ட கேட்டாங்க. அவர் மாட்டேன்னுட்டார். அந்த மடாலயத்துக்குள்ள ஏழு நாள் தங்கணும்னா அதோட வேகத்துக்கு மூச்சு பழகணும், அது முடியாதவங்க மலை அடிவாரத்துலயே இருந்துக்கட்டும்னு பின்னாடி விளக்கமும் எழுதினார். திமிர்தான்! ஆனா, ஏறிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மனுஷர் சொன்னது சரி. நூறாவது பக்கத்துல நமக்கு மணி அடிச்சா பிரார்த்தனைக்கு எழுந்துக்கத் தோணும். ஒரு புத்தகத்தை மறைச்சு வைக்கறவன் எதுக்குப் பயப்படறான்ங்கற கேள்வி 1327-லயே முடிஞ்சு போச்சா என்ன?

பி.டி.ஜேம்ஸைப் பத்தி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி நிர்வாகம், அப்புறம் இங்கிலாந்து உள்துறைன்னு முழு நேர அரசாங்க வேலை பார்த்துக்கிட்டே எழுதினவங்க. ‘எ டேஸ்ட் ஃபார் டெத்’ (1986) படிங்க. லண்டன்ல ஒரு சர்ச்சுக்குள்ள ரெண்டு பிணம். கண்டுபிடிக்கறது சர்ச்சுக்கு பூ வைக்க வர்ற ஒரு வயசான அம்மாவும், அவங்க கூட ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு சின்னப் பையனும். வழக்கமா பிணத்தைப் பார்த்தவங்க ‘வீல்’னு கத்திட்டு கதையை விட்டே போயிடுவாங்க. ஜேம்ஸ் அவங்களை விடறதில்லை. அந்த ரெண்டு பேர் அதுக்கப்புறம் எப்படித் தூங்கறாங்க, அவங்களுக்குள்ள இருந்த சின்ன சிநேகம் என்ன ஆச்சுன்னு பின்னாடியே போறாங்க.

இன்னும் மூணு பேர், ஓட்டமா சொல்லிடறேன். ஓரான் பாமுக்கோட ‘மை நேம் இஸ் ரெட்’: 1591, இஸ்தான்புல், நுண்ணோவியக்காரர்களுக்குள்ள ஒரு கொலை. கிணத்துக்குள்ள கிடக்கற பிணமே முதல் அத்தியாயத்தைச் சொல்லுது. ஜி.குப்புசாமி மொழிபெயர்ப்புல ‘என் பெயர் சிவப்பு’ன்னு தமிழ்லயே கிடைக்குது, காலச்சுவடு வெளியீடு. விக்ரம் சந்திராவோட ‘சேக்ரட் கேம்ஸ்’ (2006): மும்பை, ஒரு சீக்கிய இன்ஸ்பெக்டர், ஒரு தாதா, தொள்ளாயிரம் பக்கத்துக்கு ஒட்டி வரும். 2018-ல வந்த வெப் சீரிஸைப் பார்த்தவங்க கதை தெரியும்னு நினைச்சா ஏமாந்தீங்க. எலினார் கேட்டனோட ‘தி லூமினரீஸ்’: 1866, நியூசிலாந்துல தங்க வேட்டை நடக்கற ஊர், 832 பக்கம், 2013 புக்கர் பரிசு. அதுவரைக்கும் புக்கர் வாங்கினதுலயே நீளமான புத்தகம், வயசு குறைஞ்ச எழுத்தாளர். இவங்களுக்கும் அப்ப 28! ஒவ்வொரு பாகமும் தேய்பிறை மாதிரி முந்தின பாகத்துல பாதியாக் குறைஞ்சுக்கிட்டே வரும். புத்திசாலித்தனம் கொஞ்சம் ஓவரோன்னு எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆனா, முதல் முந்நூறு பக்கத்துல அந்த மழையும் புகையும் ஒயின் வாசனையும்... சூப்பர்.

‘தமிழ்ல இல்லையா?’ன்னு கேட்பீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி தாராளமா இருந்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவோட ‘ராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரோட ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ஆரணி குப்புசாமி முதலியாரோட பல பாக நாவல்கள். வடுவூராரோட துப்பறியும் சாமியார்தான் 1950-ல நம்பியார் நடிச்ச ‘திகம்பர சாமியார்’ படம். மறுபதிப்புகள் வந்திருக்கு. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், ‘அப்பெண்மணியானவள்’னு ஆரம்பிச்சு மூச்சு வாங்கும். பழகிட்டா தனி ஜாலி. அதுக்கப்புறம் வாரத் தொடர், மாத நாவல்னு வடிவம் சுருங்கினதுல, மர்மத்தை வெச்சு நிதானமா ஐநூறு பக்கம் போறது நம்ம பக்கம் குறைஞ்சு போச்சு. உங்க கேம்பஸ்ல எழுதற பசங்க இருந்தா, காலி இடம் இருக்குன்னு சொல்லி வைங்க.

இப்ப முக்கியமான தடை. ‘தமிழ் மீடியம் பாஸ். ஐநூறு பக்க இங்கிலீஷைப் பார்த்தாலே ஜுரம் வருது.’ நியாயமான ஜுரம்தான். ஆனா, இந்த வகை நாவல்தான் அதுக்கு மருந்தும். அடுத்து என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கற வெறி இருக்கே, அது இலக்கணத்தை விட வேகமா மொழியைக் கத்துக் கொடுக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்‌ஷனரியைப் புரட்டாதீங்க. ஒரே வார்த்தை மூணாவது தடவை வந்து வழியை மறிச்சா மட்டும் பாருங்க. பெட்டரெட்ஜ் தாத்தா பேசறதுல ஆரம்பிங்க, எகோவை அப்புறம் வெச்சுக்கலாம். ‘மூன்ஸ்டோன்’ 32 வாரத் தொடர்னு சொன்னேன் இல்லையா? ஐநூறு பக்கத்தை 32 ஆல வகுத்தா ஒரு பங்குக்கு பதினஞ்சு, பதினாறு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பங்கு. ஒரு மாசத்துல ஆச்சு. ரூம்ல ரெண்டு, மூணு பேர் சேர்ந்து படிச்சா இன்னும் மஜா. ராத்திரி மெஸ்ஸுல ‘யார் மேலடா சந்தேகம்?’னு சண்டை போடலாம். ஆனா ஒரு சட்டம், யாரும் அன்னிக்குப் பங்கைத் தாண்டி முன்னாடி போகக் கூடாது. போனவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தரணும்.

காசு? காலின்ஸ், டிக்கன்ஸ் எல்லாம் காப்பிரைட் முடிஞ்ச ஆசாமிகள். ‘ப்ராஜெக்ட் குட்டன்பர்க்’ல சட்டப்படி இலவசமா போன்ல இறக்கிக்கலாம். மத்தவங்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா, உங்க ஊர் மாவட்ட மைய நூலகம். ஆங்கில நாவல் அலமாரியில கீழ்த்தட்டைக் குனிஞ்சு பாருங்க, குண்டுப் புத்தகங்களை அங்கதான் தள்ளி வெச்சிருப்பாங்க. பழைய புத்தகக் கடையிலயும் அதே. குண்டா இருக்கறதால யாரும் தொடாம, விலை குறைச்சுக் கொடுப்பாங்க. மூணு வால்யூம் இருந்தா மூணும் இருக்கான்னு எண்ணிட்டு வாங்கணும், மறந்துடாதீங்க. பெயர்கள் தீர்ந்து போச்சுன்னா, இங்கிலாந்துல 1955-லேர்ந்து வருஷா வருஷம் க்ரைம் எழுத்தாளர்கள் சங்கம் தர்ற பெரிய விருதோட பட்டியலை எடுத்து, அதுல குண்டானதா டிக் அடிச்சு நடுப்பக்க சோதனை வைங்க.

கடைசியா ஒண்ணு. ‘கிளாசிக்’னு போட்டு வர்ற பதிப்புகள்ல முன்னுரைன்னு ஒரு இருபது, முப்பது பக்கம் இருக்கும். எழுதினவர் பெரிய பேராசிரியர். ரொம்ப அறிவா எழுதியிருப்பார். மூணாவது பாராவுல, ரொம்ப சாதாரணமா, திருடன் பெயரையும் சொல்லியிருப்பார். அந்தப் பக்கங்களை ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வெச்சுட்டு நேரா முதல் அத்தியாயத்துக்குப் போங்க. நூலகப் புத்தகத்துல யாராவது பென்சிலால ‘இவன்தான் கொலைகாரன்’னு எழுதியிருந்தா, பார்த்த உடனே அழிச்சிடுங்க. பாதி நேரம் அது தப்பான ஆளாத்தான் இருக்கும்.